வண்டி நின்ற இடத்திலேயே பார்க்க வேண்டியவை

காங்கயத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா வைத்திருந்த 1997 மாருதி 800, பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்பரேட்டர் உள்ள வண்டி. காலையில் கோவைக்குக் கிளம்பினால் ஒரு தொந்தரவும் இல்லாமல் போய்ச் சேர்ந்துவிடுகிறதாம். மதியம் திரும்பும்போதுதான் சூலூரோ பல்லடமோ தாண்டியதும் நின்றுவிடுகிறது. செல்ஃப் நன்றாக அடிக்கிறது, ஆனால் இன்ஜின் பிடிப்பதில்லை. அரை மணி நேரம் வேப்பமரத்தடியில் நிறுத்தி வைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்புகிறது. அடுத்த பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் மறுபடி நிற்கிறது. இரண்டு பட்டறைகளில் காட்டி பிளக், பிளக் வயர், பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயில், பேட்டரி எல்லாம் மாற்றியாயிற்று. கார்பரேட்டரையும் கழற்றிக் கழுவியாயிற்று. 14,000 ரூபாய் போயிருக்கிறது. மூன்றாவது பட்டறையில் “இன்ஜினை இறக்கிப் பார்க்கணும்” என்கிறார்களாம். இறக்கலாமா, இல்லை வண்டியையே கொடுத்துவிடலாமா என்று கேட்கிறார்.

இறக்க வேண்டாம் தம்பி. கொடுக்கவும் வேண்டாம். காலையில் 70 கிலோமீட்டர் ஒழுங்காக ஓடுகிற இன்ஜினுக்குள் இறக்கிப் பார்க்கும்படி ஒன்றும் இருக்காது. இனி ஒரு பொருளும் வாங்காதீர்கள். அதுதான் என் முதல் பதில்.

பொள்ளாச்சியில் நெடுங்காலம் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தவன் நான். இந்த மாதிரி வண்டிகள் கடைக்கு எப்படி வரும் தெரியுமா? ஓட்டிக்கொண்டே வரும். “ஏனுங்க, வர்ற வழியில மூணு எடத்துல நின்னு போச்சுங்க” என்று சொல்லிக்கொண்டே இறங்குவார்கள். நான் சாவியைப் போட்டால் முதல் சுற்றிலேயே பிடிக்கும். ஓடுகிற வண்டியில் எதைப் பார்ப்பது? கரன்ட் வரும், பெட்ரோல் ஏறும், எல்லாம் சரியாக இருக்கும். ஆனாலும் வந்தவருக்கு ஏதாவது செய்தாக வேண்டுமே என்று ஊகத்தில் ஒரு பொருளை மாற்றி அனுப்புவோம். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தேன். உங்கள் 14,000 ரூபாயும் அப்படித்தான் போயிருக்கிறது. மெக்கானிக்குகள் ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன். வண்டி செத்துக் கிடந்த அரை மணி நேரம் அவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான். அந்த அரை மணி நேரம் உங்களிடம்தான் இருந்தது. நீங்கள் அதை வேப்பமரத்தடியில் காத்திருந்து கழித்துவிட்டீர்கள்.

விட்டுவிட்டு வருகிற கோளாறை அது இருக்கும்போதுதான் பிடிக்க முடியும். சூடு ஆறிக் கிளம்பிவிட்டால் தடயம் போய்விடும். அதனால் அடுத்த முறை நின்றதும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் இரண்டே கேள்விகளுக்குப் பதில் தெரிய வேண்டும்: பிளக்குக்குக் கரன்ட் வருகிறதா, கார்பரேட்டருக்குப் பெட்ரோல் வருகிறதா. இரண்டில் எது இல்லையோ, சந்தேகத்தில் பாதி அங்கேயே கழிந்துவிடும்.

அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. நீங்கள் எழுதியதில் விட்டுப்போனதும் அதுதான்: வண்டி எப்படி நின்றது? சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் பட்டென்று நின்றதா, அல்லது இழுவை குறைந்து, குலுங்கி, இரண்டு மூன்று முறை திணறி நின்றதா? பட்டென்று அணைந்தால் அநேகமாக மின்சாரப் பக்கம். திணறி நின்றால் அநேகமாகப் பெட்ரோல் பக்கம். கார்பரேட்டர் கிண்ணத்தில் கொஞ்சம் பெட்ரோல் மிச்சம் இருக்கும், அது தீரும்வரை இன்ஜின் இழுத்துப் பார்க்கும், அந்தத் திணறல்தான் அது. மின்சாரத்துக்கு அப்படிக் கையிருப்பு கிடையாது. ஓட்டியவருக்குத்தான் இது தெரியும், எந்தக் கருவியும் சொல்லாது. அப்பாவையும் கேட்டுப் பாருங்கள். பழைய கை, அவர் காலடியில் உணர்ந்திருப்பார்.

சரி, நின்றுவிட்டது. முதலில் உயிர். ஓடும்போது நின்றால் சாவியை முழுக்கப் பின்னால் திருப்பி உருவிவிடாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பிரேக்கில் மிதியை இலகுவாக்கும் பூஸ்டர் உள்ள வண்டியாக இருந்தால், இன்ஜின் நின்றபின் இரண்டு மூன்று மிதிவரைதான் அந்த உதவி இருக்கும். அதற்குப்பின் பெடல் கல்லாகிவிடும். அதனால் விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுங்கள். சமவெளியில் இது பெரிய விஷயமில்லை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. அதில் இறங்கும்போது நின்றால்தான் இதன் அருமை தெரியும். கோளாறு தீரும்வரை அந்த வண்டியை மலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இப்போது கரன்ட். டிக்கியில் ஒரு பழைய பிளக், அரை மீட்டர் வயர், அதன் இரு முனையிலும் முதலைக் கிளிப் வைத்துக்கொள்ளுங்கள். பிளக் வயர் ஒன்றைக் கழற்றி இந்தப் பழைய பிளக்கில் மாட்டி, பிளக்கின் இரும்புப் பகுதியை வயரால் இன்ஜினின் வெற்று இரும்போடு இணைத்துவிடுங்கள். கையில் பிடிக்க வேண்டாம், அடிக்கிற அடி தோள்வரை ஏறும். இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். நீலமும் வெள்ளையுமாக ‘டிக் டிக்’ என்று சத்தத்தோடு பொறி பறந்தால் நல்ல கரன்ட். மஞ்சளாக மெலிந்து வந்தால் பலவீனம். வராவிட்டால் பாதி வேலை முடிந்தது. வயரை எதிலும் தொடாமல் அந்தரத்தில் விட்டுவிட்டுச் செல்ஃப் அடிப்பதை மட்டும் செய்யாதீர்கள். போக வழியில்லாத அந்த மின்னழுத்தம் இக்னைட்டர் என்ற மின்னணுப் பெட்டியையே தின்றுவிடும். பெட்ரோல் ஒழுகியிருந்தாலோ வாசம் அடித்தாலோ இந்தச் சோதனையே கூடாது.

அடுத்து பெட்ரோல். ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, இன்ஜின் நிற்கும்போதே, கார்பரேட்டர் வாய்க்குள் பார்த்துக்கொண்டு ஆக்சிலரேட்டர் கம்பியைக் கையால் ஒருமுறை இழுத்து விடுங்கள். உள்ளே மெல்லிய பீச்சலாகப் பெட்ரோல் தெறிக்க வேண்டும். தெறித்தால் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. வறண்டு கிடந்தால் வந்து சேரவில்லை. வாயில் பெட்ரோல் ஊற்றிச் செல்ஃப் அடிக்கும் வைத்தியம் நம் ஊரில் பிரபலம். இன்ஜின் பின்னால் துப்பினால் புருவம் போய்விடும், என் புருவம் ஒருமுறை போயிருக்கிறது.

இரண்டு பதிலையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நேரம், நின்ற இடம், டேங்கில் எவ்வளவு பெட்ரோல், எத்தனை நிமிடத்தில் மறுபடி பிடித்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கடைசியாகச் சொன்னது ரொம்ப முக்கியம்.

நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்து என் சந்தேகத்தைச் சொல்கிறேன். காலையில் நிற்பதில்லை, மதிய வெயிலில் நிற்கிறது. ஆற அரை மணி நேரம் ஆகிறது. அடுத்த முறை பாதித் தூரத்திலேயே நிற்கிறது. மூன்றும் சேர்ந்து சூட்டைத்தான் காட்டுகின்றன. அரைகுறையாக ஆறிய பொருள் மறுபடி சூடேறக் குறைந்த நேரமே போதும், அதனால்தான் இரண்டாம் முறை சீக்கிரம் நிற்கிறது. சூட்டில் சாகிற பொருட்கள் இந்த வண்டியில் முக்கியமாக இரண்டு: இக்னைட்டர், பெட்ரோல் பம்ப். முதலாவது மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம்.

இக்னைட்டர் என்பது, கரன்டை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிப்யூட்டரோடு சேர்ந்த ஒரு சின்ன மின்னணுப் பெட்டி. பழைய மெக்கானிக்குகள் டிஸ்ட்ரிப்யூட்டரை டெல்கோ என்பார்கள். அந்தக் காலத்து வண்டிகளில் சி.பி. பாயின்ட் செய்த வேலையை இது செய்கிறது: காயிலுக்குப் போகும் மின்சாரத்தைச் சரியான கணத்தில் துண்டிப்பது. ஒவ்வொரு துண்டிப்புக்கும் ஒரு பொறி. உள்ளே இருக்கும் ஈயப் பற்றவைப்பில் மயிரிழை விரிசல் விட்டிருந்தால், சூட்டில் உலோகம் விரிய விரிய இணைப்பு விட்டுப்போகும், ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் ஆறிய வண்டியில் எந்தச் சோதனையிலும் இது சிக்காது. இதை உறுதிசெய்வது சுலபம். நின்ற வண்டியில் கரன்ட் இல்லை என்று தெரிந்ததும், பக்கத்துக் கரும்புச்சாறு கடையில் கொஞ்சம் ஐஸ் வாங்கி, பிளாஸ்டிக் பையில் கட்டி, இக்னைட்டர் மேல் ஐந்து நிமிடம் வையுங்கள். தண்ணீர் உள்ளே போய்விடக் கூடாது. ஐந்தாவது நிமிடம் செல்ஃப் அடித்தால் பிடிக்கிறதா? ஆள் அகப்பட்டான். அரை மணி நேரம் தானாக ஆற வேண்டியது ஐந்து நிமிடத்தில் ஆறியதென்றால் வேறு சாட்சி வேண்டாம். வீட்டிலேயே செய்வதானால் தலைமுடி காயவைக்கும் டிரையரால் அதைச் சூடாக்கி, ஓடுகிற இன்ஜின் நிற்கிறதா என்று பாருங்கள்.

மாற்றும்போது ஒரு விஷயம். இக்னைட்டரின் அடியில் வெள்ளைப் பசை ஒன்று பூச வேண்டும். சூட்டை அடியிலுள்ள உலோகத்துக்குக் கடத்துவது அந்தப் பசைதான். புதுப் பொருளோடு சின்னக் குழாயில் வரும், அல்லது தனியாக எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும். “எதுக்குங்க இந்தக் களிம்பு” என்று துடைத்துவிட்டு மாட்டியவர்களின் வண்டிகள் ஆறு மாதத்தில் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, காயிலை மாற்றினோம் என்கிறீர்கள். எந்தக் காயில்? பாயின்ட் வண்டிக்கான காயிலும் இக்னைட்டர் வண்டிக்கான காயிலும் வெளியே பார்க்க ஒன்றுபோல இருக்கும், உள்ளே வேறு. காயிலின் இரண்டு சிறு முனைகளுக்கு இடையே மீட்டர் வைத்தால் பாயின்ட் வண்டிக் காயில் சுமார் 3 ஓம் காட்டும், மற்றதில் அநேகமாக அதில் பாதிதான் இருக்கும். வேண்டியதைவிடக் குறைந்த ஓம் உள்ள காயில், வேண்டியதற்கு மேல் மின்சாரம் இழுத்து, நல்ல இக்னைட்டரையும் வறுத்துவிடும். பழைய காயிலைத் தூக்கி எறியாமல் இருந்தால் அதையும் புதியதையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பழையதையே மாட்டுங்கள். ஊகத்தில் பொருள் மாற்றுவதில் எனக்குள்ள பெரிய ஆட்சேபம் இதுதான். காசு போவதோடு நிற்காது, ஒரு கோளாறு இரண்டாகிவிடும். அப்புறம் முதல் கோளாறைச் சரிசெய்தாலும் வண்டி நிற்கும்.

டிஸ்ட்ரிப்யூட்டருக்குள்ளேயே ஒரு திருடன் ஒளிந்திருப்பான், அவனையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே பிக்கப் என்று ஒரு சிறு சுருள் உண்டு. அதிலிருந்து வரும் இரண்டு மெல்லிய வயர்கள், ஆக்சிலரேட்டரை மிதித்து விடும்போதெல்லாம் அசைகிற ஒரு தட்டோடு சேர்ந்து மடங்கி நிமிர்கின்றன. இருபத்தைந்து வருடம் மடங்கினால் மேலுறை முழுசாக இருக்கும், உள்ளே செம்புக் கம்பி அறுந்திருக்கும். ஒரு கோணத்தில் தொடும், மறு கோணத்தில் தொடாது. வண்டி ஒரே வேகத்தில் ஓடும்போது நிற்காமல், கால் எடுத்த கணத்திலோ மிதித்த கணத்திலோ நிற்கிறது என்றால் மூடியைக் கழற்றி அந்த வயரை இரண்டு விரலால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். நல்ல வயர் நீளாது. அறுந்த வயரின் மேலுறை ரப்பர் பட்டைபோல் நீளும்.

இனி பெட்ரோல் பக்கம். உங்கள் வண்டியில் பம்ப் இன்ஜினோடு ஒட்டியிருக்கிறது, டேங்க் பின்னால். அவ்வளவு நீளக் குழாயில் பம்ப் உறிஞ்சித்தான் பெட்ரோல் வர வேண்டும். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவு, அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். சித்திரை வெயிலில் ஈரோடு, கரூர் பரமத்தி பக்கமெல்லாம் 40 டிகிரியைத் தாண்டுகிறது, பானட்டுக்குள் அதைவிட ரொம்ப அதிக அனல். குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடும், பம்ப் ஆவியை மென்றுகொண்டிருக்கும். நம் பக்கம் இதை ஏர் லாக் என்போம். போதாக்குறைக்கு, 2022-க்குள் நாடு முழுக்கப் பெட்ரோலில் பத்து விழுக்காடு எத்தனால் வந்துவிட்டது, 2023 முதல் இருபது விழுக்காடு பரவியது. எத்தனால் கலந்த பெட்ரோல் சுலபமாக ஆவியாகும். பழைய ரப்பர் குழாய்களை இறுக்கி வெடிக்க வைக்கும், டேங்கில் இருபது வருடமாகப் படிந்திருந்த பிசினைக் கரைத்து ஃபில்டருக்குக் கொண்டுவந்து சேர்க்கும். 1997-இல் செய்த ரப்பர் இந்தப் பெட்ரோலை நினைத்துச் செய்யப்பட்டதல்ல.

ஏர் லாக்கா என்று பார்க்க, நின்றவுடன் பம்ப் மேல் ஈரத்துணி போடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் பிடித்தால் அதுதான். ஆனால் புதிதாக வாங்கியபோதே இந்த வண்டிக்கு ஏர் லாக் இருந்ததா? இல்லையே. அப்படியானால் ஏதோ மாறியிருக்கிறது. பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவே சூடு கடத்தாத ஒரு தடித்த தட்டு இருக்க வேண்டும். யாராவது பம்ப் மாற்றியபோது அதை விட்டுவிட்டுப் பேப்பர் பேக்கிங் மட்டும் வைத்திருக்கலாம். கார்பரேட்டரில் மிஞ்சும் பெட்ரோலையும் ஆவியையும் டேங்குக்குத் திருப்பி அனுப்பும் குழாய் அடைத்திருக்கலாம், அல்லது “இது எதுக்கு” என்று யாரோ அடைத்தே விட்டிருக்கலாம். உறிஞ்சும் பக்கத்து ரப்பரில் விரிசல் இருந்தால் வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது, காற்றை மட்டும் உள்ளே இழுக்கும். பலர் ஒழுகலைத் தேடி, காணாமல், குழாய் நல்லது என்று முடிவுகட்டிவிடுவார்கள். உங்கள் வண்டி வயதுக்கு, டேங்கிலிருந்து கார்பரேட்டர்வரை உள்ள ரப்பர்த் துண்டுகள் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். நான் கண்ணை மூடிக்கொண்டு மாற்றச் சொல்வது இது ஒன்றைத்தான். ஆயில் குச்சியையும் எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் அடித்து ஆயில் அளவும் ஏறியிருந்தால் பம்புக்குள் ரப்பர்த் தாள் கிழிந்து பெட்ரோல் ஆயிலில் இறங்குகிறது. அந்த நிலையில் ஓட்டவே கூடாது.

டேங்க் மூடியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். பெட்ரோல் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே போக வேண்டும். அந்த வழி அடைத்தால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி, பம்ப் எவ்வளவு இழுத்தாலும் வராது. மூடி தொலைந்து, அளவுக்கு ஏற்ற ஏதோ ஒன்றை வாங்கி மாட்டிய வண்டிகளில் இது சகஜம். நின்றதும் மூடியைத் திறந்து காதைக் கொடுங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டு, அடுத்த செல்ஃபில் வண்டி பிடித்தால் செலவே இல்லாமல் முடிந்தது. நான் எப்போதும் முதலில் இதைத்தான் செய்வேன், அரை நிமிட வேலை.

என்னை மூன்று வாரம் அலையவிட்ட ஒரு வண்டி உண்டு. ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர், பிரீமியர் பத்மினி கார். பதினைந்து இருபது கிலோமீட்டரில் திணறி நிற்கும், பத்து நிமிடத்தில் பிடிக்கும். வெயில், மழை, இரவு, பகல் என்ற பேதமே கிடையாது. பம்ப் மாற்றினேன். கார்பரேட்டர் பிரித்தேன். பாயின்ட், கன்டென்சர் மாற்றினேன். ஒவ்வொரு முறையும் அவர் திரும்பி வந்து, கோபிக்காமல், “மாமா, மறுக்கா நின்னு போச்சுங்க” என்பார். அவர் கோபித்திருந்தால்கூடத் தேவலை. கடைசியில் கடையை மூடிவிட்டு, பம்புக்கு முன்னால் உள்ளே தெரிகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஃபில்டரை மாட்டி, அவரோடு வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். உடுமலை ரோட்டில் நின்றது. இறங்கி ஓடிப்போய்ப் பானட்டைத் தூக்கினால் ஃபில்டர் வறண்டு கிடக்கிறது. டேங்க் மூடியைத் திறந்தேன், சத்தம் இல்லை. ஃபில்டர் முன் குழாயைக் கழற்றி, வழியில் போன ஒரு பையனிடம் சைக்கிள் பம்ப் வாங்கி டேங்க் பக்கமாகக் காற்று அடித்தேன். முதல் அடி கல்லைத் தள்ளுவதுபோல் இருந்தது. இரண்டாவது அடியில் ‘களக்’ என்று டேங்கில் குமிழி விட்டது. குழாயை மாட்டினேன், வண்டி பிடித்தது.

மறுநாள் டேங்கை இறக்கிக் கவிழ்த்தோம். உள்ளங்கை அளவுக்குப் பனியன் வேஸ்ட் வந்தது. திருப்பூரிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து நம் பட்டறைகளில் எல்லாம் கை துடைக்கக் கிடக்குமே, அதேதான். முன்பொருமுறை மூடி தொலைந்தபோது இரண்டு நாள் அதைச் சுருட்டி அடைத்து வைத்திருந்தாராம். நூல் பிரிந்து உள்ளே விழுந்திருக்கிறது. இன்ஜின் ஓட ஓட அந்த நூல்கட்டி மிதந்து வந்து உறிஞ்சும் வாயில் அப்பிக்கொள்ளும். நின்றதும் இழுவை இல்லாததால் தானாக விலகிப் போய்விடும். பத்து நிமிடக் கணக்கு அதனால்தான். அவர் அந்த ஈரமான உருண்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுக்குங்களா இத்தன நாளு” என்றார். மாற்றிய பம்புக்கு நான் காசு வாங்கவில்லை.

ஆறுகிற நேரத்தை எழுதச் சொன்னதன் காரணம் இப்போது புரிந்திருக்கும். ஐந்து பத்து நிமிடத்தில் பிடித்தால் குப்பை அல்லது வெற்றிடத்தை நினைக்கலாம், அரை மணி நேரம் என்றால் சூட்டை. மூடியைத் திறந்த கணமே பிடித்தால் மூடி. சாவியை ஆட்டியதும் பிடித்தால் சாவி போடுகிற சுவிட்ச்.

அந்தச் சுவிட்சும் ஒரு சந்தேக ஆசாமிதான். வீட்டுச் சாவி, மோட்டார் ரூம் சாவி, தோட்டத்துக் கேட் சாவி எல்லாம் ஒரே கொத்தில் கோத்து, வருடக்கணக்கில் தொங்கவிட்டு ஓட்டியிருப்போம். உள்ளே செம்புத் தகடு தேய்ந்து, ஒரு பள்ளத்தில் விழுந்தால் காயிலுக்குப் போகும் மின்சாரம் துண்டிக்கப்படும். இதைப் பிடிக்க வண்டியில் காவல் வையுங்கள். காயிலின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு நீள வயரைச் சின்ன ஃபியூஸ் ஒன்று சேர்த்து உள்ளே கொண்டுவந்து, டேஷ்போர்டில் ஒரு சிறு 12 வோல்ட் பல்பை ஒட்டி, பல்பின் மறுமுனையை எர்த்தில் கொடுங்கள். வண்டி ஓடும்போது பல்பு எரியும். நிற்கிற அந்தக் கணத்தில் பல்பைப் பாருங்கள். பல்பும் சேர்ந்து அணைந்தால் சுவிட்ச், ஃபியூஸ், அல்லது வயரிங். பல்பு எரிந்துகொண்டே இன்ஜின் நின்றால் சுவிட்சை மறந்துவிட்டு மற்றதைப் பாருங்கள். இருபது ரூபாய் பல்பு, பட்டறைக்காரர் ஒரு மாதம் உங்களோடு வண்டியில் உட்கார்ந்திருந்ததற்குச் சமம்.

எர்த்தையும் பாருங்கள். பேட்டரியிலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து இன்ஜினுக்கும் வருகிற பட்டை வயர்களின் போல்ட்டைக் கழற்றி, துருவை உப்புத்தாளால் தேய்த்து மாட்டினால் போதும். பேட்டரியைப் புதிதாக மாற்றியவர்கள் டெர்மினல் கிளாம்ப்பைப் பழையதாகவே விட்டிருப்பார்கள். கையால் திருகிப் பாருங்கள், அசையவே கூடாது. உங்களுக்குச் செல்ஃப் நன்றாக அடிப்பதால் இந்தப் பக்கம் எனக்குச் சந்தேகம் குறைவு.

கரன்டும் இருக்கிறது, பெட்ரோலும் தெறிக்கிறது, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால்? பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகமாகிவிட்டது. காற்றைக் குறைக்கும் சோக் மூடியபடி சிக்கியிருக்கும், அல்லது கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்த வேண்டிய மிதவை ஊசி அடைக்காமல் இருக்கும். ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் காற்று போய் உலர்ந்து பிடிக்கும். கோவையிலிருந்து வந்து சூலூரில் டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது மட்டும் பிடிக்கவில்லை என்றால் அது வேறு கதை: நிறுத்திய பின் இன்ஜின் சூட்டில் கார்பரேட்டர் கிண்ணம் கொதித்து வழிந்திருக்கிறது. நீங்கள் சொல்வது ஓடும்போது நிற்கிற வண்டி, அதையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆக்சிலரேட்டர் மிதித்திருந்தால் ஓடுகிறது, கால் எடுத்தால் அணைகிறது என்றால் கார்பரேட்டரிலுள்ள, மின்சாரத்தில் திறக்கிற சின்ன வால்வான சோலினாய்டுக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். முன்பு எப்போதாவது கேஸ் கிட் போட்டுக் கழற்றிய வண்டியா? அப்படியானால் பெட்ரோல் குழாயில் அவர்கள் போட்ட அடைப்பான் சோலினாய்டு இன்னும் அங்கேயே இருக்கலாம். அதுவும் சூட்டில் மூடிக்கொள்ளும். இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், அப்பாவிடம் விசாரியுங்கள்.

இதே தொல்லை 2000-க்குப் பிறகு வந்த, கார்பரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்ஷன் வண்டிகளில் இருந்தால் வழி ஒன்றுதான், பொருட்கள்தான் வேறு. சாவி போட்டதும் பின்னால் டேங்கில் இரண்டு நொடி ‘உய்ங்’ என்று பம்ப் சத்தம் கேட்க வேண்டும். நின்ற வண்டியில் அது கேட்காவிட்டால் பம்ப் ரிலே அல்லது பம்ப். டேங்க் அடியில் கையால் நாலு தட்டு தட்டியதும் ஓடினால் பம்பின் கார்பன் தேய்ந்துவிட்டது. சத்தம் கேட்டும் கரன்ட் இல்லை என்றால் இன்ஜின் சுற்றுவதைக் கவனிக்கிற கிராங்க் சென்சார் அல்லது கேம் சென்சார், இவையும் சூட்டில் சாகிற ஜாதி.

நம் பக்கத்தில் ஓட்டுபவர் பானட்டைத் திறப்பது புதிதும் இல்லை. 1920-இல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து விட்டபோது தானே ஓட்டினார். வழியில் நின்றால் இறங்கிப் பார்க்க வேறு யார் இருந்திருப்பார்கள்?

ஆக, தம்பி, இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவு. ரப்பர்க் குழாய்களை மாற்றி, உள்ளே தெரிகிற ஃபில்டர் ஒன்றை மாட்டுங்கள். காயிலை அளந்துவிடுங்கள். டேஷ்போர்டில் பல்பை ஒட்டுங்கள். டிக்கியில் பழைய பிளக், கிளிப் வயர், ஒரு பாட்டில் தண்ணீர், துணி. பிறகு நல்ல வெயில் நாளாகப் பார்த்து, கூட ஒருவரை ஏற்றிக்கொண்டு, மதியம் 2 மணிக்கு வேண்டுமென்றே கிளம்புங்கள். நின்றால் சந்தோஷப்படுங்கள். பல்பு, டேங்க் மூடி, பிளக், கார்பரேட்டர் வாய், இந்த வரிசையில் பாருங்கள். கரன்ட் இல்லை என்றால் ஐஸ், பெட்ரோல் இல்லை என்றால் பம்ப் மேல் ஈரத்துணி. என்ன கிடைத்தது, எத்தனை நிமிடத்தில் பிடித்தது என்று எழுதி அனுப்புங்கள், மேற்கொண்டு சொல்கிறேன். இக்னைட்டர்தான் என்று உறுதியானால், வாங்கும்போது அந்த வெள்ளைப் பசைக் குழாய் டப்பாவுக்குள் இருக்கிறதா என்று கடையிலேயே பிரித்துப் பார்த்து வாங்குங்கள்.